என்.எல்.ஆர். 3-ஐத் தாண்டினால் நுரையீரல் ஆபரேஷன் வீணா? பரவும் தகவல் தவறு

"ரத்தத்தில் என்.எல்.ஆர். 3-க்கு மேலோ, சி.இ.ஏ. 5-க்கு மேலோ இருந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன் செய்தும் பிழைக்க மாட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

என்.எல்.ஆர். என்பது ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது; இரண்டுமே வெள்ளையணு வகைகள். 6,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 4. சளித்தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை, ஏன், ஆபரேஷனே கூட இதை ஏற்றிவிடும். சி.இ.ஏ. என்பது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்; புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே அது மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமைத் தாண்டலாம்.

இந்த அளவுகள் கூடியிருந்த நோயாளிகளின் சராசரி ஆயுள் குறைவு என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது கூட்டத்தின் சராசரி. ஒருவரின் விதி அல்ல. எந்த எண்ணுக்கு மேல் போனால் 'அதிகம்' என்ற எல்லையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

நோயின் கட்டத்தை முடிவு செய்வது டி.என்.எம். முறை: கட்டியின் அளவும் பரவலும், நிணநீர்க் கணுக்கள், வேறு உறுப்புகளுக்குப் பரவியதா என்பது. அதில் ரத்தக் குறியீடு எதுவும் கிடையாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். உங்கள் பயாப்சி, ஸ்கேன் அறிக்கைகளோடு மருத்துவரிடம் கேளுங்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். தயவுசெய்து அந்தத் தகவலை யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.