தோட்ட ஆஸ்பத்திரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

தேயிலைத் தோட்டங்களின் ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று இலங்கையின் மலையகத்தில் பல காலமாகப் பேசி வருகிறோம். எனக்கும் அதே கருத்துதான். ஆனால் அதோடு காரியம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கம்பெனியின் கையிலிருந்து திணைக்களத்தின் கைக்குச் சாவி மாறும்போது, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா?

அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுடைய சுகாதார நிர்வாகத்தைப் பற்றி வாசித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர்களுக்கான மருத்துவத்தை நெடுங்காலம் வாஷிங்டன் அரசுதான் நடத்தியது. ஆங்கரேஜ் நகரத்து ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பார்கள். ஒவ்வொரு தடவையும் வேறொரு டாக்டர், மறுபடி முதலிலிருந்து கதை. பூர்வகுடிகள் தங்கள் சேவைகளைத் தாங்களே பொறுப்பேற்று நடத்தலாம் என்று 1975இல் சட்டம் வந்தது. 1982இல் அங்குள்ள மக்கள் சவுத்சென்ட்ரல் பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1990களின் கடைசியில் ஆரம்ப மருத்துவம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

பொறுப்பெடுத்தபோது மக்களிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பதில்களை வைத்தே எல்லாவற்றையும் திருப்பி அமைத்தார்கள். இப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களை அறிந்த ஒரு குழு இருக்கிறது. டாக்டர், தாதி, உதவியாளர் என்று அதே முகங்கள். வேண்டுமானால் அன்றைக்கே பார்க்கலாம். மனக்கஷ்டத்தைப் பேச ஆளும் அங்கேயே இருக்கிறார். வருகிறவரை அவர்கள் நோயாளி என்று சொல்வதில்லை, வாடிக்கையாளரும் உரிமையாளரும் என்கிறார்கள். நூகா என்று பெயரிட்ட இந்த முறைக்காக அந்த அமைப்புக்கு அமெரிக்காவின் பால்ட்ரிஜ் தர விருது 2011இலும் 2017இலும் கிடைத்தது. வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த கேத்தரின் காட்லீப் என்ற பூர்வகுடிப் பெண்தான் அந்த அமைப்பின் தலைவராகிப் பல ஆண்டுகள் நடத்தினார்.

நாம் அவர்களைப் போல இந்த மண்ணின் ஆதிகுடிகள் அல்ல. 200 வருடங்களுக்கு முன் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். ஆனால் நம் உடம்பைப் பற்றிய முடிவுகளை நம்மைக் கேட்காமல் எடுக்கும் வழக்கம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். தொழிலாளியின் மருத்துவத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிய சட்டம் 1912இல் வந்தது. 1948இல் குடியுரிமையே போனது. அதற்குப் பிறகு ஊரில் இருப்பவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, நமக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி என்று இரண்டு பாதையாகவே நீடித்தது. 2016ஆம் ஆண்டு அரசாங்க ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். தோட்டங்களில் அது 32 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இதில் நான் அதிகம் யோசிப்பது ஒரு விஷயத்தை. அலாஸ்காக்காரர்கள் பாடுபட்டு உண்டாக்கிய அந்த உறவு, நம் தோட்டங்களில் ஒரு விதத்தில் ஏற்கெனவே இருந்தது. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயாவுக்கு மூன்று தலைமுறையைத் தெரியும். எந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்று தோட்டத்து மருத்துவச்சிக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். காய்ச்சலோடு வரும் பெண்ணுக்கு ஐயா லீவுத் துண்டு எழுதிக் கொடுத்தால் மலையில் ஓர் ஆள் குறையும். அதற்குத் தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நல்ல மனிதர்கள்கூட அந்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். என் அம்மாவுக்குக் கொழுந்துக் கூடையின் பாரத்தில் முதுகு போனபோது, பல மாதங்கள் மாத்திரை மட்டும் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கிடைக்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கதை வேறு. அங்கே துரைக்குப் பயமில்லை, ஆனால் நம்மை யாருக்கும் தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. கிளினிக்கில் சிங்களத்தில் எழுதிய கொப்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்கும் அம்மாமார்களை எத்தனை பேர் பார்த்திருப்போம்! மலையகத்து டிக்கோயாவில் இந்திய உதவியோடு 2017இல் பெரிய ஆஸ்பத்திரி திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் கட்டடம் மட்டும் ஒரு பெண்ணின் பயத்தைப் போக்காது. தன் பாஷையில், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும்.

மக்கள் கைக்குக் கொடுப்பது என்றால் இலவச மருத்துவம் போய்விடும் என்று சில தோழர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அலாஸ்காவில் இன்றும் பெரும் பணம் அரசாங்கத்திடமிருந்துதான் வருகிறது. அது அந்த மக்களிடமிருந்து நிலத்தை எடுத்ததற்கான கடமை. இருநூறு வருடத் தோட்ட உழைப்பில் நமக்கும் அப்படி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. செலவு அரசாங்கத்துடையதாகவே இருக்கட்டும், நிர்வாகத்தில் நமக்கு இடம் வேண்டும். உள்ளூராட்சி அமைப்புகளான பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டத்தை 2018இல் திருத்தியாயிற்று. ஆகவே வழியே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். கமிட்டி என்று ஒன்று போட்டால் நம் தொழிற்சங்கத் தலைவர்மார் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கொழுந்து எடுப்பது பெண்கள், மேடையில் பேசுவது ஆண்கள் என்பது நமக்குப் பழகிப்போனது. சுகாதாரத்தில் அதை அனுமதிக்கவே கூடாது. பிள்ளை பெறுவதும், இரத்தம் குறைந்து மலையில் மயங்கி விழுவதும், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டுத் தவிப்பதும் அவர்கள்தான்.

அதனால் அடுத்த தடவை ஒரு தோட்ட ஆஸ்பத்திரியைக் கையளிக்கும் பேச்சு வந்தால், இவற்றை எழுத்தில் கேட்போம். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அந்தத் தோட்டத்துப் பெண்கள். டாக்டர் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்று கேட்கவும் மேலே முறையிடவும் அவர்களுக்கு அதிகாரம். கிளினிக் நேரம் மாலைக் கொழுந்தை எடை போட்ட பிறகு. மருத்துவச்சி, தாதி பயிற்சிக்கு நம் பிள்ளைகளுக்கு இடம், படித்து முடித்ததும் இதே மலையில் வேலை. குழுக் கூட்டத்துக்கு வரும் பெண்ணுக்கு அன்றைக்கு முழுப் பேர்.