ஊசி பசியைக் குறைக்கும், தசையை யார் காப்பது?

"உடம்பு குறைய ஊசியா? வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிரஷர் மாத்திரை போடுபவரை யாரும் இப்படிக் கேட்பதில்லையே! எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டும், எரிக்கும் கலோரியைக் குறைக்கும். மன உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. எடை குறைப்பு ஊசியில் உள்ள செமாகுளூடைடு என்ற மருந்து அந்தப் பசியில்தான் கை வைக்கிறது. 2021இல் வெளிவந்த செமாகுளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். உணவு, உடற்பயிற்சி ஆலோசனை இரு தரப்புக்கும் உண்டு.

ஆகவே மருந்து வேண்டும் என்பதே என் கட்சி. என் கவலை வேறு. 2025இல் மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடை குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து எல்லோரும் கிலோவைப் பற்றியே பேசுகிறோம். குறைகிற எடை முழுக்கக் கொழுப்பு இல்லை. கால்வாசியோ அதற்கு மேலோ கொழுப்பல்லாத எடை, அதில் தசையும் சேர்த்தி. நமக்கோ ஏற்கெனவே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 25 தாண்டினாலே உடல் பருமன் என்கிறார்கள்.

இப்போது நம் தட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. பசி அடங்கியதும் நாலு இட்லி ஒன்றாகிவிடும். ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் கணக்கில் 80 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 66 கிராம் வேண்டும். எங்கிருந்து வரும்? சாப்பிடும் கொஞ்சத்தில் முதலில் முட்டை, மீன், சுண்டல், பனீர் உள்ளே போகட்டும், சோறு அப்புறம். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.) நடை நல்லது, ஆனால் தசைக்கு எடை தூக்க வேண்டும். அம்மாக்களும்தான். தண்ணீர் பாட்டிலை வைத்தாவது ஆரம்பியுங்கள்.

ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக அதே 2021 ஆய்வின் தொடர்ச்சி சொல்கிறது. போன தசை பயிற்சி இல்லாமல் அவ்வளவு எளிதில் வராது. அதனால் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: எவ்வளவு காலம் போட வேண்டும், நிறுத்தினால் என்ன திட்டம், என் புரதக் கணக்கு என்ன? கணைய அழற்சி வந்திருந்தால், குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகை தைராய்டு புற்றுநோய் இருந்தால், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால், அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.