இன்ஜின் சத்தம் கெட்டுப்போகுமாம்!

இரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னால், "பழைய பஸ் பார்க்கப் போன இடத்தில் என்ன சண்டை?" என்று மனைவி சிரிக்கிறாள். அதனால் இங்கே கொட்டுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் பழைய பஸ் பிரியர் கூட்டம், மொத்தம் எட்டுப் பேர், சிங்கப்பூரில் பூகிஸ் பக்கம் 2ஆம் எண் பஸ் ஏறி சாங்கி வில்லேஜ் போனோம். ஓய்வு பெற்ற 20 பஸ்களைத் தங்கும் அறைகளாக்கி 2023 டிசம்பரில் விடுதியாகத் திறந்தார்களே, அதைப் பார்க்கத்தான். வந்தது ஒரு வோல்வோ பி9டிஎல், இரட்டை மாடி. அதுவும் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ரகம். இந்த ஊரில் பொதுப் பேருந்துக்குப் பொதுவாக 17 வயதுதான் ஆயுள். அப்புறம் உடைக்கும் இடத்துக்குப் போய்விடும். ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் எங்கே நிறுத்துவது, வீவக (அரசு அடுக்குமாடி வீடு) கார் நிறுத்துமிடத்திலா? ஆக, நமக்கு மிஞ்சுவது படமும் பேச்சும்தான். அந்தப் பேச்சுக்குத்தான் இந்தக் கதி.

ஏறியதுமே மேல்மாடி முன் இருக்கைக்கு ஓட்டப்பந்தயம். நாற்பது தாண்டிய ஆட்கள் படியில் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். பின்னாலேயே ஒரு சின்னப் பையன் அம்மா கையைப் பிடித்தபடி வந்து, அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருத்தராவது எழுந்து, "வா கண்ணா, உட்காரு" என்றிருக்கலாம். ம்ஹும். கேமராவை மாட்டியாகிவிட்டதாம். நாம் எல்லாரும் பஸ் பைத்தியமானது இப்படி ஒரு வயதில், இப்படி ஓர் இருக்கையில்தானே ஐயா?

எனக்குப் பிடிக்காமல் கீழே இறங்கி வந்தேன். அங்கே நம் ஒலிப்பதிவு நண்பர், கடைசி வரிசையில், இன்ஜினை ஒட்டி, முடி வைத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு தவக்கோலத்தில் இருந்தார். கியர் மாறும் சத்தத்தை முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி வரை வெட்டாமல் எடுக்க வேண்டுமாம். சரி, அவரவர் ஆசை.

பிடோக் பக்கம் ஒரு பெரியவர் ஏறினார். நம்மவர். எண்பதை நெருங்கியிருப்பார், கையில் மார்க்கெட் பை. என் பக்கத்தில் உட்கார்ந்து, மைக்கைப் பார்த்து, "என்ன தம்பி, படம் எடுக்கிறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மனிதருக்கு முகமே மாறிவிட்டது.

"நான் எஸ்டிசியில கண்டக்டரா இருந்தவன் தம்பி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்கப்பூர் டிராக்ஷன் கம்பெனி! 1971ல் மூடிய நிறுவனம். அதில் வேலை பார்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தானாகவே பேசுகிறார். அவர் சேர்ந்தபோது, மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலி பஸ் நின்று கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்ததாம். டிராலி பஸ் ஓட்டியவர்கள் கூடவே வேலை பார்த்திருக்கிறார். டிக்கெட் குத்திக் குத்திக் காய்த்துப்போன கட்டைவிரலைக் காட்டினார். கூட்டம் வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றால் எப்படிக் கத்துவார் என்று கேட்டேன். உடனே, "மாசோக் டாலாம்! மாசோக் டாலாம்!" என்று அந்தக் காலத்துக் குரலிலேயே ஒரு போடு போட்டார். மலாயில் 'உள்ளே போ' என்று அர்த்தம். முன்னால் இருந்த மலாய் மாது திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் பெரியவர், "கம்பெனி மூடின அன்னிக்கு டிப்போவில என்ன நடந்துச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து குரல்: "அங்கிள், கொஞ்சம் பேசாம இருங்க. இன்ஜின் சத்தம் கெட்டுப்போகுது."

பெரியவர் சட்டென்று நிறுத்தினார். "சாரி தம்பி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தாண்டி, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போயே போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். பின்னாலேயே இறங்கி ஓடியிருக்கலாம். பெயராவது கேட்டிருக்கலாம். இந்தப் பதிவில் திட்டு வாங்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். அது தெரியாமல் இல்லை.

சாங்கியில் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்லத் தெம்பில்லை. அறையாக மாறிய பஸ்களை வெளியே நின்று பார்த்தோம். 1977ல் 86ஆம் தடத்தில் ஓடிய லேலண்ட் அட்லாண்டியன் இரட்டை மாடி பஸ் பற்றி அரைமணி நேரம் தர்க்கம். லண்டன் போய் வந்த ஒருவர், 2005ல் 159ஆம் தடத்தில் ஓட்டத்தை நிறுத்திய ரூட்மாஸ்டர் இரட்டை மாடி பஸ்ஸை அங்கே எப்படிக் கண்ணாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று பாடம் எடுத்தார். இங்கே யாருக்கும் பழசின் அருமை தெரியவில்லையாம்! எனக்கு நாசி லெமாக் தொண்டையில் இறங்கவில்லை. பெரியவர் விஷயத்தைச் சொன்னேன். "அடடா, மிஸ் பண்ணிட்டோமே" என்றார்கள். அடுத்த நிமிடம் குரூப் போட்டோ.

உச்சம் நேற்று இரவு. ஒலிப்பதிவு நண்பர் முழுப் பதிவையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நடுவில் தெளிவாகக் கேட்கிறது: "மாசோக் டாலாம்!" மாதின் சிரிப்பு. "டிப்போவில என்ன நடந்துச்சு தெரியுமா..." அப்புறம் அந்த "சாரி தம்பி". கீழே நண்பரின் கேள்வி: "இந்த அங்கிள் குரலை மட்டும் அழிக்கணும். எந்த ஆப் நல்லா இருக்கும் ப்ரோ?"

மூன்று பேர் ஆப் பெயர் அனுப்பியிருக்கிறார்கள். நான் வெட்டாத பதிவை இறக்கி இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, "அந்தக் குரலில் கை வைத்தால் தெரியும் சேதி" என்று ஒரு வரி போட்டேன். எல்லாரும் படித்துவிட்டார்கள். நீல டிக் தெரிகிறது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.