விட்டுப்போன குளிர்காலங்கள்

"பனிக்கரடிக்கு நம்ம வரிப்பணமா?" என்று, ஆர்க்டிக் ஆய்வுக்கு இந்தியா செலவழிக்கலாமா என்ற நேற்றைய விவாதத்தில் ஒருவர் கேட்டதும் அரங்கமே சிரித்ததே, அந்தத் துண்டு வீடியோவை இதுவரை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடதுருவத்துக்கு அருகே, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தை 2008-இல் திறந்தோம். குளிர்காலத்திலும் அங்கே தங்கி ஆராய நம் முதல் குழு போனது 2023 டிசம்பரில். நடுவில் பதினைந்து குளிர்காலங்கள் போயே போய்விட்டன. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி, செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்கியது. அடுத்து வந்த குளிர்காலத்தை இனி எத்தனை கோடி கொடுத்தாலும் அளக்க முடியுமா? விட்டது விட்டதுதான்.

அப்பா வீட்டு மாடியில் மழைமானி வைத்திருந்தார். காலை எட்டரைக்குப் போய்ப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் மில்லிமீட்டரில் எழுதுவார். ஒரு ஐப்பசியில் அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். "நோட்டை மட்டும் பார்த்துக்கோடா" என்றார். நான் பார்க்கவில்லை.

குளம் தூர்வாரவே காசில்லை, ஆர்க்டிக் எதற்கு என்பீர்கள். குளத்தைத் தூர்வாருங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதில் எவ்வளவு மழை விழும் என்று தெரிய வேண்டாமா? உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறும் இடம் ஆர்க்டிக். நம் பருவமழையோடு அதற்கு என்ன தொடர்பு என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தானே அளக்கச் சொல்கிறேன்!

நார்வேக்காரன் அளக்கட்டும், நாம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். 2014-இல் ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டு கடலடியில் இறக்கிய, கடலை அளக்கும் இண்டார்க் கருவித் தொகுதியில் நம் சென்னை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உழைப்பு இருக்கிறது. செய்யத் தெரிந்தவர்களைக் கையேந்தச் சொல்வது எனக்கு வலிக்கிறது.

அரசையும் விடமாட்டேன். 2022 மார்ச்சில் வந்த ஆர்க்டிக் கொள்கையில் ஆறு தூண்கள். சரி. ஆனால் 1981-இலிருந்து அண்டார்டிகாவுக்குப் போகிறோம், இன்றுவரை நமக்கென்று ஒரு துருவ ஆய்வுக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பல்தான். கட்டுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தமே 2025 ஜூனில்தான் கையெழுத்தானது. கப்பல் வரும்வரை போகிற வருஷங்களுக்கு யார் பொறுப்பு? திட்டம் என்றால் ஒரு வருஷம்கூட விட்டுப்போகாமல் அளப்பதற்கு வழி செய்வது. நான் கேட்பது அது ஒன்றுதான்.

அப்பா வீடு திரும்பியதும் முதலில் நோட்டைத்தான் கேட்டார். என்னைத் திட்டவில்லை. நாற்பத்தோரு நாளுக்கும் தேதி எழுதி, எதிரே ஒரு கோடு இழுத்தார். பூஜ்யம் போடவில்லை. "மழை பெய்ததுடா, நாமதான் பார்க்கல" என்றார்.