கனடாக்காரர் கொடுத்த கோட்டும் வானத்தில் வரப்போகும் மின்நிலையமும்

நீலகிரி மஞ்சூரில் எங்கள் வீட்டுக் கூரைமேல் நான்கு சோலார் பேனல்கள் இருக்கின்றன. தை, மாசியில் அதுவே போதும். ஆனி பிறந்து மழை ஏறி வந்துவிட்டால் நடுப்பகலிலும் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும். பேனல்கள் சும்மா நனைந்துகொண்டிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் நான் வெயிலையே பார்க்கவில்லை. ஆனால் அந்த மேகத்துக்கு மேலே பகல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வெயிலை மேலேயே பிடித்து மின்சாரமாக்கி, மைக்ரோவேவ் அலையாகக் கீழே அனுப்பலாம் என்று பீட்டர் கிளேசர் என்ற பொறியாளர் 1968-லேயே எழுதிவிட்டார். டிவி செயற்கைக்கோள்கள் நிற்கும் அதே பாதையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பேனல்களை விரிக்க வேண்டும். அங்கே மேகம் கிடையாது. இரவும் அநேகமாகக் கிடையாது. மார்ச், செப்டம்பர் வாக்கில் சில வாரங்கள் மட்டும் தினமும் அதிகபட்சம் எழுபது நிமிடம் போலப் பூமியின் நிழல் விழும். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை மேகத்தையும் மழையையும் பெரிய இழப்பில்லாமல் தாண்டி வந்துவிடும்.

வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பியே இல்லாமல் 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பிக் காட்டினார்கள். 2023-ல் கால்டெக் என்ற கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் குழு, பூமியைச் சுற்றும் ஒரு சிறிய கருவியிலிருந்து வந்த அலையைத் தங்கள் வளாகத்துக் கூரையிலேயே பிடித்தது. மிகச் சொற்ப அளவுதான், ஆனால் வந்து சேர்ந்தது.

விலைதான் இடிக்கிறது. தரையில் கிடைக்கும் சூரிய, காற்று மின்சாரத்தைவிட இது பல மடங்கு செலவாகும் என்று 2024 தொடக்கத்தில் நாசா அறிக்கையே சொன்னது. நான் அதை மறுக்கவில்லை. மேலே கொண்டுபோக வேண்டியது பல ஆயிரம் டன். பதினைந்து நாடுகள் சேர்ந்து கட்டிய சர்வதேச விண்வெளி நிலையமே 400 டன் சொச்சம்தான். ஒரு நாடு தனியாகச் சுமப்பது கடினம். அப்படி ஒரு நாடு தனியாகச் சுமந்து முடித்துவிட்டால் அது நமக்கு நல்லதும் இல்லை. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

என் தாத்தா 1950-களின் பிற்பகுதியில் காரமடையிலிருந்து குந்தா நீர்மின் திட்டத்துக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர். ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கைகொடுத்து நடந்த வேலை அது. இயந்திரமும் வந்தது, இன்ஜினியர்களும் வந்தார்கள். குளிரில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஷிப்ட் பார்த்த கதையைத் தாத்தா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கனடாக்காரர் கொடுத்துவிட்டுப் போன தடித்த கம்பளிக் கோட்டு நான் பள்ளிக்கூடம் போகும் காலம் வரை வீட்டில் இருந்தது. மழைக்காலத்தில் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் கொழுந்து எடை போடப் போவார்.

அவர்கள் போய்விட்டார்கள். எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி, கெத்தை அணைகள் இங்கேயே நிற்கின்றன, மதகைத் திறப்பதும் மூடுவதும் நம் ஆட்கள். 1974-ல் பொக்ரானில் நம் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் கனடா அணுசக்தி உதவியை நிறுத்தியது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது அணு உலையை நம்மவர்களே வருடக்கணக்கில் போராடி முடித்தார்கள். கெத்தை டர்பைன் மட்டும் எப்போதும்போல ஓடியது. ஏனென்றால் தண்ணீர், மலை, இயந்திரம், கற்றுக்கொண்ட கை எல்லாமே இங்கே இருந்தன.

வானத்து மின்நிலையத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் ஏற்பாடு இப்படி: தரையில் அலையை வாங்கி மீண்டும் மின்சாரமாக்கும் ஏற்பி நிலையத்தின் நடுவிலிருந்து ஒரு வழிகாட்டி சிக்னல் மேலே போய்க்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துத்தான் மேலே உள்ள ஆன்டெனாக்கள் மைக்ரோவேவ் கற்றையைக் குவிக்கும். சிக்னல் நின்றால் கற்றை சிதறி வலுவிழந்துவிடும். ஊர்மேல் தவறி விழாமல் இருக்க நல்ல யோசனை. நாம் சிக்னலை நிறுத்தினால் கற்றை வராது, சரி. ஆனால் நாம் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தும் மேலே இருப்பவர் கொடுக்க மறுத்தால்? அந்த உயரத்திலிருந்து பூமியின் ஐந்தில் இரண்டு பங்கு போலத் தெரியும். கற்றையை நம்மிடமிருந்து எடுத்து வேறு நாட்டுக்குத் திருப்ப ஒரு கட்டளை போதும். ஒரு மாநிலத்தின் ஆஸ்பத்திரிகளும் பம்புசெட்டுகளும் அந்தக் கட்டளையை நம்பி இருக்கக்கூடாது.

அதனால்தான் முதல் பேனல் மேலே போவதற்கு முன்பே ஒப்பந்தம் வேண்டும் என்கிறேன். முன்மாதிரி இருக்கிறது. அணுக்கரு இணைவுக்காகப் பிரான்சில் கட்டும் ஈட்டர் உலைக்கு 2006-ல் கையெழுத்திட்ட ஏழு தரப்பில் இந்தியாவும் ஒன்று. அவரவர் பங்கைப் பெரும்பாலும் பாகங்களாகவே செய்து கொடுக்கிறார்கள்; உலையைச் சுற்றி மூடும் கிரையோஸ்டாட் என்ற பிரம்மாண்டமான வெற்றிடக் கலன் குஜராத்தின் ஹசிராவில் செய்தது. அதில் கிடைக்கும் அறிவு உறுப்பினர் எல்லோருக்கும் பொது. தாமதம் நிறைய, உண்மைதான். ஆனாலும் கதவுக்கு வெளியே நிற்பதைவிட உள்ளே இருந்து தாமதத்தைச் சகிக்கலாம்.

நமக்கு இது புதிதும் இல்லை. 1963-ல் தும்பாவிலிருந்து முதலில் கிளம்பியது அமெரிக்க ராக்கெட், அதில் இருந்தது பிரான்ஸின் கருவி. 1968-ல் அந்தத் தளத்தை ஐ.நா.வுக்கே அர்ப்பணித்தோம். அங்கே வேலை பழகிய அப்துல் கலாம்தான் 2010-ல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து, விண்வெளிச் சூரிய மின்சாரத்துக்காக நாடுகள் கைகோக்க வேண்டும் என்று அறிவித்தார். அப்புறம் அது பெரிதாக நகராதது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று. ஏற்பி நிலையம் நீலகிரியில் வரக்கூடாது. நாசாவின் பழைய வடிவமைப்பில் அதன் அளவு 10 கிலோமீட்டருக்கு 13 கிலோமீட்டர். அதற்காக ஒரு சோலையைக்கூடத் தொடக்கூடாது, சமவெளியில் தரிசு நிலம் இருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிய ஊட்டி பக்கம் முத்தோரைக்குப் போய்ப் பாருங்கள். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டிய ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. வெயில் அதற்குள் புகுந்து விழும், கீழே புல் முளைக்கும். ஏற்பியும் அப்படிக் கம்பிவலையாகத்தான் இருக்கும், அடியில் பயிர் செய்யலாம் என்கிறார்கள். அந்த வடிவமைப்பில் கற்றையின் நடுவில் சதுர மீட்டருக்கு 230 வாட், உச்சி வெயிலில் நாலில் ஒரு பங்கு. ஆனால் பறவைக்கும் தேனீக்கும் வருடக்கணக்கில் என்ன ஆகும் என்ற ஆய்வைப் பல நாடுகள் சேர்ந்து செய்து, முடிவுகளை அப்படியே வெளியிட வேண்டும். மின்சாரம் விற்பவரே அந்தச் சான்றிதழையும் தரக்கூடாது. இந்த அலையின் இரைச்சலில் முத்தோரை மாதிரி இடங்களின் காது அடைபடாமல் பார்க்க ரேடியோ வானியலாளர்களுக்கும் அந்த மேசையில் நாற்காலி வேண்டும்.

யார் கூப்பிடுவது? சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியின் தலைமையகம் நம் குருகிராமில்தான் இருக்கிறது; நூறு நாடுகளுக்கு மேல் உறுப்பினர்கள், பலர் வெப்ப மண்டல நாட்டுக்காரர்கள். நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே இருக்கும் நாட்டுக்கு ஏற்பியின் அளவும் சிறிதாகும், அதனால் பேரம் பேச நம்மிடமும் சரக்கு இருக்கிறது. அங்கே இதற்கென ஒரு குழு போடட்டும். கற்றையைத் திருப்பும் கட்டளையில் ஏற்கும் நாட்டின் சாவியும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எழுதும் முதல் வரியாக இருக்கட்டும்.

குந்தா வேலையில் இருந்த பெரியவர்கள் சிலர் எடக்காடு, மஞ்சூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வந்தவர்கள் நம் ஆட்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள், எதை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள் என்று கேட்டுக் குறித்து வைக்க ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.