கடப்புறத்துக் கருமணலும் காந்தக் கணக்கும்

"சீனாக்காரன் மோட்டாருக்கு வேண்டிய காந்தம் தராவிட்டால் என்ன, மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் கொட்டிக் கிடக்கிறதே" என்ற பேச்சு 2025 முதல் நம் கன்னியாகுமரி, கொல்லம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் வலுவான காந்தம் செய்ய உதவும் அரிய மண் தனிமங்கள் (rare earths) இருக்கின்றன. அதுவரைக்கும் சரி. ஆனால் மணலுக்கும் காந்தத்துக்கும் நடுவே என்னென்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பொருளாதாரப் பாதுகாப்பு என்று டெல்லியில் பேசுவது கடைசியில் கிள்ளியூர் தாலுகாவின் மணல்மேட்டில்தான் வந்து நிற்கிறது. அதனால் இந்தக் கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் நடந்தது என்ன? 2025 ஏப்ரல் 4 அன்று சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், யிட்ரியம் ஆகிய 7 தனிமங்களுக்கும், இவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்தது. அமெரிக்க வரிக்கான பதிலடி அது. அடி விழுந்தது எல்லார் மேலும். தடை என்ற சொல்லே அறிவிப்பில் தேவைப்படவில்லை. விண்ணப்பம் கொடு, கடைசியில் யார் பயன்படுத்துவார்கள் என்று எழுதிக் கொடு, காத்திரு. நம் வண்டிக் கம்பெனிகளின் மோட்டார் வரிசைகள் தடுமாற இதுவே போதுமாக இருந்தது.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நியோடிமியம் அதில் இல்லை. காந்தத்தின் உயிரே நியோடிமியம்தான், அதை ஏன் விட்டார்கள்? மின்வண்டி மோட்டாருக்குள் சூடு 150 டிகிரி செல்சியஸ் வரை போகும். வெறும் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் அந்தச் சூட்டில் வலுவிழக்கும். கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்த்தால்தான் தாங்கும். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்தால் மொத்தக் காந்தமும் கைக்குள். நம் மோனசைட்டில் நியோடிமியம் தாராளம், டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் மிகச் சொற்பம். "நம்மிடம் இல்லாததா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: ஆமாம், எது நெருக்கடியோ அதுதான் நம்மிடம் இல்லை.

இருப்பதையாவது கணக்குப் பார்ப்போம். வெண்மணல் கழிந்த பிறகு நிற்கும் கனமணல் 100 கிலோ என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய சரிபாதி இல்மனைட். கார்னெட், சிர்கான், ரூட்டைல், சிலிமனைட் போக மோனசைட் 3 முதல் 4 கிலோ தேறும். பிரிப்பது இரண்டு கேள்விகளை வைத்து: காந்தத்துக்கு இழுபடுமா, மின்சாரம் கடத்துமா? இல்மனைட் இரண்டும் செய்யும். ரூட்டைல் கடத்தும், இழுபடாது. சிர்கான் இரண்டும் செய்யாது. கார்னெட்டும் மோனசைட்டும் கடத்தாது, இழுபடும். கார்னெட் எளிதில் இழுபடும், மோனசைட்டுக்கு இன்னும் வலுவான காந்தப்புலம் வேண்டும். அந்த மூன்றரைக் கிலோவில் அரிய மண் ஆக்சைடு 2 கிலோ. அதில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து 400 கிராம் சொச்சம். உலோகமாக்கி, சேதாரம் போனால் 300 கிராம் நிற்கும். காந்தத்தின் எடையில் சுமார் 30 சதவீதம்தான் அரிய மண் என்பதால், இதிலிருந்து 1 கிலோ காந்தம் செய்யலாம். ஒரு மின்காருக்கு 1 முதல் 2 கிலோ வேண்டும். கூடவே 300 கிராம் அளவுக்குத் தோரியம் ஆக்சைடும் வெளியே வரும். கதிரியக்கம் உள்ள சரக்கு, கண்ட இடத்தில் கொட்ட முடியாது. மோனசைட் அணுசக்தித் துறையின் பிடியில் இருப்பதற்கு இந்தத் தோரியமே காரணம்.

இந்த மணலை வைத்து வல்லரசுகள் இழுபறி நடத்துவது புதிதல்ல. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதை மணவாளக்குறிச்சியில் கண்டறிந்தார். இங்கிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் தடம் காட்டியது. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஒரு வலைப்பை கட்டுவோமே, அந்த மேண்டிலை வெளிச்சம் தர வைப்பது தோரியம். அன்றைக்கு மேண்டில் தொழில் ஜெர்மனியின் கையில், மணல் பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்த திருவிதாங்கூரில். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மனிக்கு மணல் போகும் வழி அடைபட்டது.

இப்போது மணலிலிருந்து காந்தம் வரை போகும் சங்கிலியின் நடுக்கண்ணிகளுக்கு வருவோம். மோனசைட்டைக் கையாளும் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ. தொடங்கியது 1950ல், ஆலுவா பக்கத்தில் பெரியாற்றங்கரையில் அதன் அரிய மண் ஆலை ஓடத் தொடங்கியது 1952ல். இந்தத் தொழிலில் சீனா பெயரெடுப்பதற்கு வெகுகாலம் முன்பு. அந்த ஆலையில் மோனசைட்டைக் கரைக்கும் வேலை 2004ல் நின்றது. சீனச் சரக்கின் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இப்போது கரைப்பது ஒடிசாவின் சத்ரபூரில், தனித்தனி ஆக்சைடாகப் பிரிப்பது ஆலுவாவில்.

இந்தப் பிரிப்பு சாதாரண வேலை இல்லை. பிரசியோடிமியமும் நியோடிமியமும் தனிம வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை, குணத்திலும் ஏறக்குறைய ஒன்று. மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானையும் அமிலக் கரைசலையும் தொட்டி தொட்டியாகக் கலக்கித் தெளியவிட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் இம்மியளவு பிரிப்பார்கள். நூற்றுக்கணக்கான தொட்டிகள். நடுவில் ஒன்றில் அமிலம் சற்று மாறினாலும் வரிசை முழுக்கக் குழம்பும், மறுபடி நிலைக்கு வர நாட்கணக்காகும். இந்தக் கைப்பழக்கத்தைப் பணம் கொடுத்து ஒரே வருடத்தில் வாங்க முடியாது. ஆலையை மூடினால் ஆட்களோடு அதுவும் போய்விடும்.

ஆக்சைடுக்குப் பிறகு உலோகம், கலவை, பொடி, காந்தம். பொடி 3 முதல் 5 மைக்ரான் வரை நுணுங்க வேண்டும். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், ஆக்சிஜன் கொஞ்சம் ஏறினாலும் காந்தம் வலு குறையும். காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு, அறுத்து, துருப்பிடிக்காமல் நிக்கல் பூச வேண்டும். அறுக்கும்போது கால் பங்கு வரை தூளாகப் போகும். அந்தத் தூளைத் திரும்ப எடுக்க ஏற்பாடு இல்லாத ஆலை லாபம் பார்க்காது. இந்தக் கடைசிக் கண்ணியில் விசாகப்பட்டினத்தில் சமாரியம்-கோபால்ட் காந்த ஆலை இருக்கிறது. அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 3,000 கிலோ. பாதுகாப்புத் துறைக்கும் விண்வெளிக்கும் உதவும், மோட்டார் தொழிலுக்கு அது காணாது.

2025 நவம்பர் 26ல் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் இலக்கு. வரவேற்கிறேன். ஆனால் அது 7 ஆண்டுத் திட்டம்: ஆலை கட்ட 2 ஆண்டு, விற்பனைக்கு ஊக்கத்தொகை 5 ஆண்டு. எட்டாவது ஆண்டில் சீனா விலையைத் தரையில் போட்டால்? ஆலுவாவில் 2004ல் நடந்தது இந்த ஆலைகளிலும் நடக்கும். இதுதான் என் முக்கியமான கவலை. ஜப்பான் 2010ல் இந்த அடியை வாங்கியது. இரு நாடுகளும் உரிமை கொண்டாடும் சென்காகு தீவுத் தகராறில் சீனச் சரக்கு நின்றுபோக, அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் லைனாஸ் என்ற அரிய மண் நிறுவனத்தில் 25 கோடி டாலர் போட்டார்கள். பிறகு விலை சரிந்து லைனாஸ் தள்ளாடியபோதும் கடன் நிபந்தனைகளைத் தளர்த்திக் காப்பாற்றினார்கள். சுமார் 90 சதவீதமாக இருந்த அவர்களுடைய சீனச் சார்பு 60 அளவுக்கு இறங்கியது இப்படித்தான். அமெரிக்கா 2025 ஜூலையில் தன் நாட்டு அரிய மண் நிறுவனமான எம்.பி. மெட்டீரியல்ஸுக்கு நியோடிமியம்-பிரசியோடிமியம் கிலோவுக்கு 110 டாலர் அடிவிலை (சந்தை விலை அதற்குக் கீழே போனால் அரசே ஈடுகட்டும்) என்று 10 ஆண்டுக்கு உறுதி கொடுத்தது. சந்தை விலை அப்போது அதைவிட வெகு குறைவு. நமக்கும் அப்படி ஓர் அடிவிலை வேண்டும். விலை மலிந்து கிடக்கும் வருடங்களில் அந்தச் செலவை ஏற்காத நாடு, நெருக்கடி வரும்போது மறுபடி விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

இன்னொன்று, கையிருப்பு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் பாறைக்குகைகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்க இடம் செய்திருக்கிறோம். காந்தத்துக்கு அவ்வளவு இடம் வேண்டாம். ஒரு கன மீட்டர் ஏழரை டன் எடை இருக்கும். 1,000 டன் காந்தத்தின் கன அளவு ஒரு பள்ளி வகுப்பறைக்குள் அடங்கிவிடும். காந்தமாகவே வைத்தால் சிக்கல்: மோட்டாருக்கு மோட்டார் வடிவம் வேறு, ஈரம் பட்டால் துரு. ஆக்சைடாக வைப்பதுதான் சரி, அதிலும் முதலில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும். அவை சில பத்து டன் இருந்தாலே பெரிய தெம்பு.

கடைசியாக நம் கடப்புறம். 6,000 டன் காந்தத்துக்குச் சுமார் 2,000 டன் நியோடிமியம்-பிரசியோடிமியம் ஆக்சைடு வேண்டும். ஐ.ஆர்.இ. இன்று தரக்கூடியது 500 டன் அளவு. ஆகவே மோனசைட் இன்னும் வேண்டும் என்ற வாதத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கிள்ளியூர் தாலுகாவில் மணல் எடுக்க அந்த நிறுவனம் 1,144 ஹெக்டேர் கேட்பதும் இந்தத் தேவையை வைத்துத்தான். கதிர்வீச்சு பற்றிய பயத்துக்கு, கேரளத்தின் கருமணல் கரையான கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு புற்றுநோய் கூடுதலாக இல்லை என்றது. அது இயற்கைக் கதிர்வீச்சு பற்றியது. சுரங்கத்தால் வரும் தூசிக்கும், கிணற்று நீருக்கும், கரையரிப்புக்கும் அது பதில் சொல்லாது. கனமணலை எடுத்துவிட்டு மீதி மணலைக் குழியில் நிரப்பினால், அந்த மணல் எடை குறைந்தது, அலைக்கு இழுக்க எளிது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டும் வீடு இழந்த ஊர்கள் இருக்கிற கரை இது.

இந்தச் சுரங்கம் பற்றிய மக்கள் கருத்துக்கேட்பு 2024ல் எதிர்ப்பால் தள்ளிப்போனது, 2025 செப்டம்பரில் அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்தே மத்திய அரசு விலக்கு கொடுத்தது. கருத்துக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மணலில் கை வைக்கும் முன் ஊர் வாரியாக ஒரு தாள் வேண்டும், சுலபமான தமிழில்: இந்த ஊரில் ஆண்டுக்கு எத்தனை டன் கனமணல் எடுப்பீர்கள், அதில் மோனசைட் எவ்வளவு, அது எந்த ஆலைக்குப் போகும், குழி எந்த மட்டத்துக்கு நிரம்பும், கரை எத்தனை மீட்டர் உள்வாங்கினால் வேலையை நிறுத்துவீர்கள்.