கம்ப்யூட்டருக்குள் ஒரு கவாத்துக் கத்தி

ஒரு சொல்லின் வேரைப் பிடித்துவிட்டால் அதன் 'உண்மையான' பொருளையே பிடித்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வேர் தேடும் கிறுக்கு உண்டு. 'புட்டாரே' என்ற லத்தீன் வினை மாதிரிச் சொற்கள்தான் காரணம்.

லத்தீன் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதன் தன்மை வடிவமான 'புட்டோ' என்றால் 'நினைக்கிறேன்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிய லத்தீனுக்கு அது சரி. அவருக்கு முந்தைய ரோமானிய அரசியல்வாதி கேட்டோவிடம் போனால் கதையே வேறு. கிமு 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், திராட்சைக் கொடியையும் மரங்களையும் காலாகாலத்தில் கவாத்து செய், அதாவது கிளைகளை வெட்டிக் கழித்துவிடு என்று சொல்லும் இடத்தில் வருவது இந்த வினைதான். அதே நூலில், பண்ணைக்கு வரும் முதலாளி ரொக்கம், தானியம், தீவனம், ஒயின், எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார். அங்கேயும் இதே வினை. (கறாரான ஆள். கிழட்டு மாட்டோடு வயதான அடிமையையும் விற்றுவிடு என்று அதே அத்தியாயத்தில் சொல்கிறார்.)

கவாத்து எப்படிக் கணக்கானது? கிமு 1ஆம் நூற்றாண்டில் வார்ரோ என்ற ரோமானிய அறிஞர் ஒரு விளக்கம் தந்தார்: புட்டாரே என்றால் சுத்தமாக்குவது, மரத்தைக் கழித்துச் சுத்தமாக்குகிறோம், கணக்கை முடித்துத் தொகையைச் சுத்தமாக்குகிறோம். அழகாகத்தான் இருக்கிறது. இன்றைய மொழியியலாளர்கள் பலர் 'வெட்டு, அடி' என்ற வேரைச் சொல்கிறார்கள். சுற்றிலும் வெட்டுவது என்ற பொருளில்தான் 'ஆம்புட்டேஷன்' (கை கால் துண்டிப்பு) வந்தது என்பதால், என் ஓட்டு இவர்களுக்கே.

கணக்கிலிருந்து நினைப்புக்கு வருவது ஒன்றும் பெரிய தாவல் இல்லை. வரவு செலவைப் பார்த்தவன் 'இவ்வளவு தேறும்' என்கிறான். அதுவே 'இப்படித்தான் என்று கருதுகிறேன்' ஆகிவிடுகிறது. நாமும் 'மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான்' என்கிறோமே.

அப்புறம் இதன் வாரிசுகள். 'கம்ப்யூட்டாரே', சேர்த்துக் கணக்கிடுவது. அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்ததில் அக்கவுண்ட், டிஸ்கவுண்ட், டிக்கெட் கவுண்டர் எல்லாம் பிறந்தன. கவுண்டரும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

'டிஸ்ப்யூட்' கூட இதே குடும்பம்தான். ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகமொன்றில் வட்டிக்கடைக்காரனோடு கணக்குத் தீர்ப்பதற்கே அதன் லத்தீன் வடிவம் வருகிறது. உடனே ஒருவர் கிளம்பி, 'டிஸ்ப்யூட் என்றால் உண்மையில் சண்டையே இல்லை' என்று பாடம் எடுப்பார். சரி, அந்த நியாயப்படி கம்ப்யூட்டர் இன்ஜினியரைத் திராட்சைத் தோட்டத்துக்கல்லவா அனுப்ப வேண்டும்?

ஸ்பானியர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்களின் 'போடார்' இன்றும் கவாத்துதான். ஓட்டலில் பில் வேண்டுமென்றால் 'குவென்டா' என்று கேட்கிறார்கள், அது கம்ப்யூட்டாரே வழி.